ஒரு சண்டைப் படமும் என் தம்பியின் செவியும்

2025ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், லாலோ ஷிஃப்ரின் என்னும் இசையமைப்பாளர் அமெரிக்காவில் தமது 93ஆம் வயதில் காலமானார். நாளிதழின் உட்பக்கத்தில் சிறியதொரு செய்தியாக அதனைக் கண்ட நான், கையிலிருந்த காப்பி ஆறிப்போவதும் அறியாமல் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். அவர் பெயர் நம் பங்குக் குடும்பங்களில் பெரும்பாலோர்க்குப் புதிதாக இருக்கலாம். ஆயினும் 'என்டர் தி டிராகன்' என்னும் படத்தின் பெயரைச் சொன்னால், அறுபது வயதைக் கடந்த ஆடவர் பலருடைய கண்கள் சற்றே ஒளிபெறுவதைக் காணலாம். புரூஸ் லீ நடித்த அந்தப் படத்துக்கு இசையமைத்தவர் இவரே.

சண்டைப் படம் ஒன்றைப் பற்றி நம் குடும்ப இதழில் எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். அடிதடியைப் புகழ்ந்துரைப்பது என் நோக்கமன்று. அந்தப் படமும் அதன் இசையும் 48 ஆண்டுகளாக என் நெஞ்சில் இன்பமாகவும் முள்ளாகவும் ஒருங்கே தங்கியிருந்தன. அது ஏன் என்பதை அண்மையில்தான் உணர்ந்தேன். பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்க்கும், பேரப்பிள்ளைகளைக் கண்காணிக்கும் என்னொத்த முதியோர்க்கும் அது பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தினால் இதனை எழுதத் துணிந்தேன்.

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கொட்டகுடி ஆற்றின் கரையில் அமைந்த ஊர். கடைவீதியில் நடந்தாலே ஏலக்காயின் மணம் நாசியை நிறைக்கும். மேலே போடிமெட்டுக்குச் செல்லும் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறும். மெட்டைத் தாண்டினால் கேரளத்து ஏலமலைகள். பூப்பாறை, சாந்தன்பாறை, தேவிகுளம் என்று தோட்டங்கள் விரியும். விடியற்காலையில் தோட்டவேலைக்குச் செல்லும் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறிப் போவதை இன்றும் காணலாம்.

என் தந்தையார் அம்மலையில் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். சனிக்கிழமை மாலையில் இறங்கி வந்து, ஞாயிறு திருப்பலி கண்டு, மறுநாள் விடியலில் மீண்டும் மலையேறிவிடுவார். ஸ்டோரில் விறகுத் தீயின் சூட்டில் உலரும் பசுங்காயின் வாசனை அவர் சட்டையோடு எங்கள் வீட்டுக்குள் வரும். அன்னையார் வியாபாரிகளிடம் கூலிக்கு ஏலக்காய் தரம் பிரித்துக் குடும்பத்துக்குத் துணைநின்றார். பிள்ளைகள் நாங்கள் இருவர். எனக்கும் தம்பிக்கும் மூன்று வயது இடைவெளி.

1977ஆம் ஆண்டுத் தவக்காலத்தில்தான் அந்தப் படம் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்தது. அதற்கு முன்பே மதுரையில் அதனைக் கண்டு வந்தவர்கள் தேநீர்க் கடைகளில் கையையும் காலையும் வீசிக் கதை சொல்லிக்கொண்டிருந்தனர். சுவரொட்டியில் சட்டையின்றி, உடலெல்லாம் நரம்பு புடைக்க நின்ற அந்த இளைஞரைப் பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் நின்று பார்ப்போம். அவர் நான்காண்டுகளுக்கு முன்பே, 1973 ஜூலை 20ஆம் நாள் ஹாங்காங்கில் தமது 32ஆம் வயதில் இறந்துவிட்டார் என்றும், அதற்கு மறுமாதமே இந்தப் படம் அமெரிக்காவில் வெளியானது என்றும் அறிந்தபோது எங்கள் ஆவல் பன்மடங்காயிற்று. உலகமே போற்றிய தம் வெற்றியைத் தம் கண்ணால் காணாமலே போனவர் அவர்.

தவக்காலத்தில் சினிமா என்பது எங்கள் வீட்டில் நினைத்தும் பார்க்கவியலாத ஒன்று. சுவரில் சூசையப்பர் படத்தின் கீழ் ஒரு தகர டப்பா இருக்கும். ஒறுத்தல் முயற்சிகளால் மிச்சமாகும் காசை ஏழைகளுக்காக அன்னை அதில் சேர்த்து வருவார். ஒருநாள் பிற்பகல், அன்னை வேலைக்குப் போயிருந்த வேளையில், அந்த டப்பாவை நான் கவிழ்த்தேன். தம்பி கண்டுவிட்டான். அவன் வாயை அடைப்பதற்காக அவனையும் உடன் அழைத்துச் சென்றேன்.

கொட்டகையில் தரை டிக்கட்டில் அமர்ந்து கண்ட அந்த இரண்டு மணி நேரத்தை இன்றும் என்னால் காட்சி காட்சியாகச் சொல்ல முடியும். ஷாவ்லின் மடத்தில் பயின்ற வீரர் ஒருவர், அம்மடத்துக்கே களங்கம் விளைவித்த ஹான் என்னும் கொடியவனின் தீவுக்கு, போட்டி ஒன்றில் கலந்துகொள்பவரைப் போலச் செல்கிறார். அங்கே நடைபெறும் போதைப்பொருள் வாணிபத்தையும் பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகளையும் வெளிப்படுத்துகிறார். கதை அவ்வளவே. ராபர்ட் கிளவுஸ் இயக்கிய அப்படத்தின் ஆங்கில வசனத்தில் ஒரு வரியும் எங்களுக்குப் புரியவில்லை. புரியவேண்டும் என்று எவரும் கவலைப்படவுமில்லை. அவர்கள் பேசத் தொடங்கியவுடன் கொட்டகையில் முறுக்கும் சோடாவும் விற்பனையாகும். சண்டை தொடங்கியவுடன் விசில் கூரையைப் பிளக்கும்.

ஆனால் இசை புரிந்தது. தலைப்பெழுத்துகள் தோன்றும்போதே எழும்பும் அந்த மின்கிதாரின் துள்ளல், அடியிலிருந்து உந்தும் தாளம், அதன்மேல் ஏறி ஒலிக்கும் பித்தளைக் குழல்கள், சீன இசையின் சாயல் பூண்ட இன்னிசை, இடையிடையே புரூஸ் லீயின் பறவைக் கூச்சல் எல்லாம் ஒன்றுசேர்ந்து உடலையே எழுப்பி நிறுத்தின. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். 12 வயதுத் தம்பி திரையைப் பார்க்கவில்லை. கண்களை மூடிக்கொண்டு விரல்களால் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். நான் அங்கே காலின் வீச்சைக் கற்றேன். அவன் இசையைக் கற்றான்.

மறுநாளே நான் காப்பிக் கம்பு இரண்டைச் சீவி, பழைய சைக்கிள் சங்கிலியால் இணைத்து, படத்தில் லீ சுழற்றும் நன்சாக்குவைப் போன்ற ஒன்றைச் செய்துவிட்டேன். அந்நாளில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இப்படிக் கம்பும் சங்கிலியுமாகத் திரிந்த சிறுவர்கள் எத்தனை பேரோ! பரணில் ஒளித்து வைத்து, மாலையில் ஆற்றங்கரைக்கு எடுத்துச் சென்று சுழற்றுவேன்.

மூன்றாம் நாள் தம்பி அங்கே வந்தான். அவன் முகம் வாடியிருந்தது. "அண்ணே, அம்மாவிடம் சொல்லிவிடுவோம். உண்டியல் காசு ஏழைகளுடையது. எனக்குத் தூக்கம் வரவில்லை" என்றான். முடியாது என்றேன். "நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்" என்று திரும்பி நடந்தான். அடுத்த கணம் என் கையிலிருந்த கம்பு அவன் இடச்செவியில் விழுந்தது. கை தவறியது என்று பிறகு எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். அது பொய். சினத்தோடு ஓங்கினேன், சினத்தோடே அடித்தேன்.

அவன் செவியிலிருந்து இரத்தம் ஒழுகியது. ஆற்று நீரில் கழுவிவிட்டு, அழுதுகொண்டே என்னைப் பார்த்து அவன் சொன்ன சொல் இதுதான்: "துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொல்கிறேன்." அப்படியே சொல்லவும் சொன்னான். செவியில் சீழ் பிடித்தது. மதுரைக்கு அழைத்துச் சென்று வைத்தியம் பார்த்தார்கள். புண் ஆறியது, கேட்கும் திறன் திரும்பவில்லை.

நான் பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் சொன்னேன். மன்னிப்பளித்த அவர், அன்னையிடமும் உண்மையைச் சொல்லுமாறு அறிவுரை கூறினார். அதனை மட்டும் நான் செய்யவேயில்லை. நாளை, நாளை என்று தள்ளிப்போட்டதில் ஆண்டுகள் ஓடின. தந்தையார் மறைந்தார். 2004ஆம் ஆண்டில் அன்னையும் கண்மூடினார். ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று அருளப்பர் எழுதிய திருப்பாடுகள் வாசிக்கப்படும்போது, கெத்சமனித் தோட்டத்தில் இராயப்பர் வாளை உருவித் தலைமைக்குருவின் ஊழியனான மால்குஸ் என்பவனின் வலச்செவியை வெட்டிய இடம் வந்தவுடன் நான் தலைகுனிந்துவிடுவேன். நம் ஆண்டவர் அந்தச் செவியைத் தொட்டுக் குணமாக்கினார் என்பதை லூக்கா மட்டுமே எழுதி வைத்திருக்கிறார். இராயப்பருக்குக் கிடைத்த அந்தப் பேறு எனக்குக் கிடைக்கவில்லை. நான் வெட்டிய செவி வெட்டியபடியே இருந்தது.

அந்தத் தம்பிதான் பின்னாளில் எங்கள் பங்கின் பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசிப்பவன் ஆனான். இடப்பக்கம் சுவரும் வலப்பக்கம் பாடகர்களும் இருக்குமாறு தன் பெட்டியைப் போட்டுக்கொள்வான். ஏன் எப்போதும் அதே மூலையில் அமர்கிறான் என்று பலர் கேட்டதுண்டு. "இங்கேதான் காற்று வருகிறது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவான்.

நானோ கல்லூரியில் ஆங்கிலம் பயின்று, பள்ளியில் அம்மொழியையே போதிக்கும் ஆசிரியனானேன். ஆனால் அந்த ஆங்கிலப் படத்தை மறுமுறை பார்க்க மனம் துணியவில்லை. திருவிழாக்களில் இன்னிசைக் குழுவினர் அந்த இசையை வாசித்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். எனினும், வெளியே நின்றபடி முழுவதையும் கேட்பேன். வெறுக்கவும் இயலவில்லை, மறக்கவும் இயலவில்லை.

இவ்வளவு காலம் ஒரு படம் மனிதர் உள்ளத்தில் நிற்பதற்குக் காரணம் என்ன? அது வெறும் அடிதடியாக இருந்திருந்தால் அதற்குப் பின் வந்த ஆயிரம் படங்களோடு அதுவும் மறைந்திருக்கும். ஆனால் 2004ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காலங்காலமாகப் பாதுகாக்கத்தக்க படங்களின் பட்டியலில் அதனைச் சேர்த்தது. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், அந்தப் படத்தைப் பார்க்காமலே அதனை ஆக்கியவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்தவை எனக்கு வியப்பளித்தன.

புரூஸ் லீ 1940இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து ஹாங்காங்கில் வளர்ந்தவர். அவர் பயின்ற பள்ளிகள் இரண்டு நம் துறவறச் சகோதரர்கள் நடத்தியவை. ஒன்று லசால் சபையினருடையது. மற்றொன்று மாரிஸ்ட் சபையினருடையது. இரண்டாவது பள்ளி, முத்துக்குளித்துறை மக்களுக்கு மறையறிவித்த நம் புனித சவேரியாரின் பெயரைத் தாங்கியது. அங்கே பயிலும்போது 1958இல் பள்ளிகளுக்கிடையிலான குத்துச்சண்டைப் போட்டியில் வென்றார். அதே ஆண்டில் 'சா-சா' என்னும் நடனப் போட்டியிலும் முதற்பரிசு பெற்றார். சண்டைக்காரரின் காலில் அவ்வளவு தாளம் இருந்ததற்குக் காரணம் இப்போது விளங்குகிறதன்றோ? பின்னர் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் பயின்றார்.

இசையமைத்த ஷிஃப்ரின் அர்ஜென்டினா நாட்டவர். வயலின் கலைஞரின் மகன். 1950களில் பாரிஸ் நகருக்குச் சென்று ஒலிவியே மெசியான் என்னும் பேராசானிடம் பயின்றார். மெசியான் ஆழ்ந்த கத்தோலிக்கர். பாரிஸில் உள்ள திரித்துவ ஆலயத்தில் 1931 முதல் 1992இல் தாம் இறக்கும்வரை ஆர்கன் வாசித்தவர். அது மட்டுமன்று, நம் நாட்டுச் சார்ங்கதேவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய சங்கீத ரத்னாகரத்தில் உள்ள 120 தேசி தாளங்களை ஆராய்ந்து தம் இசையில் பயன்படுத்தியவர். அவருடைய மாணவர் 1966இல் 'மிஷன் இம்பாசிபிள்' என்னும் தொலைக்காட்சித் தொடருக்கு ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் ஓர் இசை அமைத்தார். நம் கண்டச் சாப்பை அறிந்தவர்கள் அதற்கு எளிதில் கைதட்டிவிடலாம். அந்த இசைத்தட்டைப் போட்டுக்கொண்டுதான் லீ உடற்பயிற்சி செய்துவந்தாராம். அவருடைய படத்துக்கு இசையமைக்கும் வாய்ப்பு அதனால் வந்தது என்று ஷிஃப்ரின் கூறியிருக்கிறார்.

அதனினும் என்னை வியப்பில் ஆழ்த்திய செய்தி ஒன்றுண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிறைவுற்ற அதே 1965ஆம் ஆண்டில், ஷிஃப்ரின் திருப்பலிச் செபங்களுக்கு ஜாஸ் முறையில் இசையமைத்தார். ஆண்டவரே இரக்கமாயிரும் என்னும் மன்றாட்டு முதல் உலகின் பாவம் போக்கும் செம்மறி வரை அதில் உண்டு. பால் ஹார்ன் என்பவர் குழலும் சாக்சபோனும் வாசித்த அந்த இசைத்தட்டுக்காக ஷிஃப்ரின் கிராமி விருது பெற்றார். நம் கோயில்களில் மிருதங்கமும் தபேலாவும் நுழைந்த காலமும் அதுவேயன்றோ? எட்டு ஆண்டுகளுக்குப் பின் அதே கைதான் டிராகனுக்கும் தாளம் அமைத்தது. சண்டை இசை என்று நான் ஓடி ஒளிந்த ஒன்றுக்குப் பின்னால், மன்றாட்டுக்கு இசையமைத்த ஓர் உள்ளம் இருந்தது.

அந்த அலை நம் தமிழ்ப் படவுலகையும் தொட்டது. எங்கள் மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்திலிருந்து சென்று 1976இல் 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமான இளையராஜா, 1983இல் 'பாயும் புலி' படத்துக்கு இசையமைத்தார். ஷாவ்லின் மடத்தைப் பற்றிய சீனப் படம் ஒன்றின் சாயலில் அமைந்த கதை அது. ரஜினிகாந்த் அதில் தற்காப்புக் கலை பயிலும் மாணவராக நடித்தார். அந்த மடத்துக்குக் கலையைக் கொண்டு சென்றவரே நம் காஞ்சிபுரத்துப் போதிதருமர் என்றொரு மரபும் உண்டு. வரலாற்றாசிரியர்கள் அதனை உறுதியாக ஏற்பதில்லை. ஆயினும், அந்தக் கலையை அயலார் கலை என்று நம் மக்கள் எண்ணவில்லை என்பதற்கு அந்த மரபே சான்று. கம்பு சுற்றும் ஊர்க்காரர்களுக்குக் காலடியின் அருமை தெரியாதா?

இப்படி எல்லாவற்றையும் படித்தறிந்தவன், படத்தை மட்டும் பார்க்காமலே இருந்தேன். அந்த விரதத்தை முடித்து வைத்தவன் என் மகள் வயிற்றுப் பேரன். வயது 13; சிலம்பம் பயில்கிறான். ஷிஃப்ரின் மறைந்த செய்தியை நான் படித்த அதே வாரத்தில், ஒருநாள் மாலை அவன் சட்டை கிழிந்து பள்ளியிலிருந்து வந்தான். எவனோ ஒருவன் அவன் தந்தையைப் பற்றி இழிவாகப் பேசினானாம். "திங்கட்கிழமை கம்பை எடுத்துக்கொண்டு போகிறேன் தாத்தா. அவனுக்குக் காட்டுகிறேன்" என்றான். அவன் கண்ணில் நான் கண்டது ஆற்றங்கரையில் நின்ற என்னையே. அறிவுரை சொல்ல வாயெடுத்தேன், சொல் வரவில்லை. சொல்வதற்கு எனக்கு என்ன தகுதி? தம்பி வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து, சனிக்கிழமை இரவு செபமாலை முடிந்தபின், "வா, உனக்கு ஒரு படம் காட்டுகிறேன்" என்றேன்.

மூவரும் தொலைக்காட்சிமுன் அமர்ந்தோம். தம்பி வழக்கம்போல் வலச்செவி படத்தின் பக்கம் இருக்குமாறு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

படத்தின் தொடக்கத்தில் ஒரு காட்சி. லீயிடம் பயிலும் சிறுவன் ஒருவன் வருகிறான். உதைத்துக் காட்டு என்கிறார். அவன் உதைக்கிறான், வெறும் வித்தைபோல் இருக்கிறது. உள்ளத்தின் உணர்வு அதில் வேண்டும் என்கிறார். சிறுவன் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு சீறி உதைக்கிறான். உடனே ஆசான் அவனைத் தடுத்து, நான் கேட்டது உணர்வை, சினத்தையன்று என்கிறார். மூன்றாம் முறை அவன் சரியாகச் செய்கிறான். எப்படி இருந்தது என்று கேட்க, அவன் யோசிக்கத் தொடங்குகிறான். தலையில் ஒரு குட்டு விழுகிறது.

அன்று அந்தக் குட்டுக்குக் கொட்டகையே குலுங்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்கு முன் அவர் சொன்ன சொற்களை எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. உணர்வு வேறு, சினம் வேறு! சண்டைப் படத்தின் தொடக்கத்திலேயே, சண்டையிடுபவரின் வாயாலேயே அது சொல்லப்பட்டிருந்தது. நாங்கள் முறுக்குத் தின்றுகொண்டிருந்தோம்.

படம் ஓடியது. தம் தங்கையின் சாவுக்குக் காரணமானவனை வீழ்த்தும் இடத்தில் லீயின் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். அதில் வெற்றியின் களிப்பில்லை; அழப்போகும் குழந்தையின் முகம்போல் அது கோணிக்கொண்டது. பழிவாங்கியவனுக்குப் பழி இனிக்கவில்லை என்பதை அந்த முகமே சொன்னது. இறுதியில் கண்ணாடிகள் நிறைந்த அறை. எங்கு நோக்கினும் பகைவனின் உருவம். அதனோடு தம் உருவமும். தலைப்பிசையின் துள்ளல் அங்கே இல்லை. ஆசானின் போதனையை நினைவுகூர்ந்து, உருவங்களை ஒவ்வொன்றாக உடைத்த பின்னரே உண்மைப் பகைவனை அவர் காண்கிறார். ஆசானோடு உரையாடும் அந்தப் பகுதி முதலில் வெளியான படத்தில் வெட்டப்பட்டிருந்தது. 1998இல் வெளிவந்த 25ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. ஆக, பாதிப் போதனை எங்கள் ஊருக்கு வரவேயில்லை. வந்த பாதியை நாங்கள் கேட்கவில்லை.

கண்ணாடி உடையும் அந்த ஒலியில், 48 ஆண்டுகளாக நான் எனக்கென்று வைத்திருந்த உருவமும் உடைந்தது. பேரனுக்கு முன்பாகவே தம்பியின் கையைப் பற்றிக்கொண்டேன். உண்டியல் காசையும், கம்பையும், ஆற்றங்கரையையும் ஒன்றுவிடாமல் பேரனிடம் சொன்னேன். "சின்னத் தாத்தாவின் காது கல்லில் விழுந்து கெட்டதன்று, என் கையால் கெட்டது" என்றேன். பிறகு தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அதுநாள்வரை வாய்விட்டு ஒருமுறையும் கேட்டதில்லை.

தம்பி சற்று நேரம் பேசவில்லை. பின்பு மெல்லச் சொன்னான்: "அண்ணே, அம்மாவுக்குத் தெரியும்."

நான் திகைத்துப் போனேன்.

"மதுரையிலிருந்து திரும்பிய அன்றே அம்மா பரணில் அந்தக் கம்பைப் பார்த்துவிட்டார்கள். என்னிடம் கேட்டார்கள். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. கம்பை அடுப்பில் வைத்து எரித்தார்கள். உண்டியலில் குறைந்த காசைத் தம் கூலியிலிருந்து போட்டார்கள். 'நீ வாயைத் திறக்காதே. அவனாக வந்து சொல்லட்டும்' என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்."

"கடைசிவரை காத்திருந்தார்களா?" என்று கேட்டேன்.

"உயிர் பிரிவதற்கு முந்தின நாளும், 'அண்ணன் ஏதாவது சொன்னானா?' என்று கேட்டார்கள்" என்றான் தம்பி.

அன்பான வாசகர்களே, அந்த இரவை நான் எப்படிக் கழித்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. பரணில் கம்பு காணாமற்போனபோது, தம்பிதான் அதை ஆற்றில் எறிந்துவிட்டான் என்று எண்ணி நிம்மதியடைந்தவன் நான். என்னைக் கண்டிக்காமல், காட்டிக்கொடுக்காமல், 27 ஆண்டுகள் ஒரே ஒரு சொல்லுக்காக ஒரு தாய் காத்திருந்தார். நான் அதனைக் கொடுக்கவில்லை. இறைவனின் மன்னிப்பைப் பெற்றுவிட்டேன் என்று தேறியிருந்தேனேயன்றி, நான் புண்படுத்தியவர்களுக்குச் சேரவேண்டிய சொல்லைக் கடனாகவே வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் பேரன் கம்பின்றிப் பள்ளிக்குப் புறப்பட்டான். "என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்டேன். "தெரியவில்லை தாத்தா. ஆனால் கோபம் இருக்கும்போது கம்பைத் தொடக்கூடாது என்று எங்கள் வாத்தியாரும் சொல்வார். முதலில் சலாவரிசை எடுத்து மண்ணுக்கும் எதிரே நிற்பவனுக்கும் வணக்கம் சொன்ன பிறகுதான் எதையும் தொடங்க விடுவார்" என்றான். சீனத்து ஆசான் சிறுவனுக்குச் சொன்னதையே எங்கள் ஊர்ச் சிலம்ப வாத்தியாரும் சொல்லிவருகிறார். காற்றைக் குத்துபவனைப்போல் நான் போரிடுவதில்லை, என் உடலையே அடக்கி ஆள்கிறேன் என்னும் கருத்துப்பட எழுதிய நம் புனித சின்னப்பரும், போரிடுவதையன்று, யாரோடு முதலில் போரிடவேண்டும் என்பதையே கற்பித்தார். அந்தப் படம் நிலைத்ததற்கு லீயின் கைகால்களின் வேகமும் ஷிஃப்ரினின் தாளமும் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வேகத்துக்குள் ஓர் அடக்கம் இருந்தது. அதுவே என் போன்றவனையும் இத்தனை ஆண்டுகளுக்குப் பின் திரும்ப அழைத்தது என்று நம்புகிறேன்.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் காணும் படங்களைத் தடுத்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணவேண்டா. தடுத்த படத்தை அவர்கள் எப்படியும் காண்பர். உடன் அமர்ந்து கண்டு, அதில் சொல்லப்படுவது என்ன என்று கேளுங்கள். எங்களோடு அன்று ஒரு பெரியவர் அமர்ந்து அந்த ஒற்றை வசனத்தைத் தமிழில் சொல்லியிருந்தால், என் தம்பி இன்று இரு செவியாலும் கேட்டுக்கொண்டிருப்பான்.

நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, மெழுகுவர்த்தியும் மலர்மாலையுமாக அன்னையின் கல்லறைக்குச் சென்றோம். குருவானவர் கல்லறைகளை மந்திரித்துவிட்டுச் சென்றபின், மற்றவர்களைச் சற்று விலகியிருக்கச் சொல்லிவிட்டு மண்டியிட்டேன். "அம்மா, உண்டியலில் எடுத்தவன் நான். தம்பியை அடித்தவனும் நான்" என்று வாய்விட்டுச் சொன்னேன். 15 வயதுப் பையன் சொல்லியிருக்க வேண்டிய இரண்டு வாக்கியங்கள். சொல்லி முடிக்க எனக்கு 63 வயதாயிற்று.

எழுந்து வந்தபோது தம்பி என் இடப்பக்கம் வந்து நின்றான். கேட்கும் செவி என் பக்கம் இருக்கவேண்டும் என்பதற்காக அவன் எப்போதும் நிற்கும் இடம் அது. மலைச்சரிவில் மழைமேகம் இறங்கிக்கொண்டிருந்தது. வீடு வந்து சேரும்வரை இருவரும் பேசவில்லை. அன்று மாலை அவன் ஆர்மோனியத்தை எடுத்து மரித்தோர்க்கான பாடலை வாசித்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அந்தப் பழைய படத்தின் தலைப்பிசையை மெல்ல வாசிக்கத் தொடங்கினான். முதல்முறையாக நான் எழுந்து வெளியே போகவில்லை.